சோறு வேகும் தூரம்

அரிசியைக் கழுவி உலையில் போட்டு, அடுப்பைத் தணித்துவிட்டுத்தான் மில்லக்கா காரை எடுப்பார். அந்தச் சோறு வேகுமுன் திரும்பி வரக்கூடிய தூரம் எதுவோ, அதுதான் அவர் போகிற தூரம். அவருடைய மில், சந்திக் கடை, வைரவர் கோயில், மாட்டு வைத்தியரின் கந்தோர், சின்ன ஆஸ்பத்திரி எல்லாம் அந்த வட்டத்துக்குள் இருந்தன. அதற்கு அப்பால் இருந்த எதற்கும் அவர் போனதாக ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

கிளிநொச்சியில் எனக்கு வேலை கிடைத்தபோது அவருடைய வீட்டின் பக்கத்து அறையில்தான் வாடகைக்கு இருந்தேன். என்னுடைய வீடு வவுனியாவில். வெள்ளி பின்னேரம் பஸ் ஏறிப் போனால் திங்கள் காலைதான் திரும்பி வருவேன். மிளகாயும் அரிசியும் அரைக்கிற மில் ஒன்றை அவர் நடத்தியதால் ஊருக்கே மில்லக்கா. பிள்ளைகள் இல்லை. வன்னியில் சண்டை பெரிதாவதற்கு முன்பே கணவர் நோயில் இறந்துபோனார். அவருடைய படம் முன்னறையில் இருந்தது, அதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு செவ்வரத்தம்பூ.

கார் ஒரு பழைய ஜப்பான் கார். வெளிநாடு போன மச்சான் ஒருவர் விட்டுவிட்டுப் போனது. மில்லக்காவின் இடது முழங்காலுக்குள் ஒரு ஷெல் துண்டு இருந்தது, கால் மடங்காது. சைக்கிள் மிதிக்க முடியாது, நடந்தால் வேலி மூலை வரும்போதே வலி ஏறிவிடும். கியர் மாற்றத் தேவையில்லாத அந்தக் காருக்கு வலது கால் மட்டும் போதும். ஐம்பது வயது தாண்டிய பிறகு ஓட்டப் பழகினார். பழகியபின் அந்தக் கார்தான் அவருக்குக் கால்.

காருக்குள் எப்போதும் மிளகாய்த்தூள் மணக்கும். புதிதாக ஏறுகிறவர்கள் தும்மாமல் இறங்கியதில்லை. மார்கழி மாதத்தில் கண்ணாடி முழுக்கப் பனி படிந்திருக்கும். பழைய சேலைத் துண்டால் அதைத் துடைப்பார், ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புவார், எஞ்சின் ஒரு தடவை இருமி முடிப்பதற்குள் கார் வேலிப் படலையைத் தாண்டியிருக்கும். மில்லடியில் நிறுத்துவார். மில்லைத் திறந்துவிட்டுக் கடைக்கு ஓட்டுவார். கடையில் நிறுத்தி, தேங்காய் வாங்கி, வீட்டுக்கு வருவார். வந்ததும் மறந்துபோன ஒன்றுக்காகத் திரும்பவும் சாவியைத் திருப்புவார்.

வழியில் நிற்கிறவர்களை ஏற்றாமல் போகமாட்டார். ஆனால் இறக்கிவிட்டால் நிற்கவும் மாட்டார். ஒருமுறை எங்கள் ஒழுங்கையில் ஒரு இளம்பெண்ணுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. மில்லக்காதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். வாசலில் கை பிடித்து இறக்கினார், உள்ளே தாதியிடம் ஒப்படைத்தார், வெளியே வந்து காரில் ஏறிவிட்டார்.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்கோவன். தாய் வரும்வரைக்கும்," என்றேன்.

"நீ நில்லு பிள்ளை. அடுப்பிலை சோறு கிடக்கு."

அந்தப் பெண்ணின் தாய் அதை மறக்கவில்லை. மில்லக்காவுக்கு ஆக்களைவிடச் சோறு பெரிது என்று கிணற்றடியில் கதை நடந்தது. எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது.

அதைவிடக் கடினமாகப் பட்டது அவருடைய தங்கச்சியின் விஷயம். ஒரே தங்கச்சி. சண்டை முடிந்து சனத்தை அடைத்து வைத்த செட்டிகுளம் முகாமிலிருந்து விட்ட பிறகு, வவுனியாவுக்கும் அப்பால் இருந்த அந்த ஊரிலேயே ஒருவரைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார். தங்கச்சியின் மகள் பெரியபிள்ளையானபோது சாமத்திய வீட்டுக்குச் சொல்ல அவர் நேரில் வந்தார். மில்லக்கா பெறாமகளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார், சங்கிலி ஒன்று கொடுத்தார், பலகாரத்துக்கு மாவெல்லாம் தானே இடித்து வறுத்து மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார். ஆனால் போகவில்லை. சனிக்கிழமை சாமத்திய வீடு நடந்துகொண்டிருக்கும்போது மில்லில் நின்று யாருடையவோ மல்லியை அரைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருநாள் தங்கச்சி வந்து, முற்றத்தில் நின்றபடியே கேட்டார்: "பெரியம்மா எங்கை எண்டு சனம் கேட்டுது. நான் என்ன சொல்ல?"

"கால் ஏலாது எண்டு சொல்லு."

"கால் ஏலாட்டில் கார் இருக்குத்தானே."

மில்லக்கா உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். தங்கச்சி அதைக் குடிக்காமலே போனார்.

அடுத்த மார்கழியில்தான் அது நடந்தது. விடியப்புறம் வயலுக்குத் தண்ணீர் மாற்றப் போன பக்கத்து வீட்டுக்காரரைப் பாம்பு கடித்துவிட்டது. அவருடைய மனைவி ஓடிவந்து தட்டினார். மில்லக்கா உடனே காரை எடுத்தார். அன்றைக்குக் கண்ணாடியைக்கூடத் துடைக்கவில்லை, தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். நான் பின்சீற்றில் அந்த மனிதரின் காலைப் பிடித்தபடி இருந்தேன். வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் முன்னால் "டக்" என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. அதோடு எஞ்சின் நின்றுவிட்டது. கார் தானாக உருண்டு ஓரத்தில் போய் நின்றது.

சாவியைத் திருப்பினார். வழக்கமான இருமல் வரவில்லை. ஏதோ கனமில்லாத ஒன்று சும்மா சுற்றுகிற சத்தம்தான் வந்தது. திரும்பத் திரும்பத் திருப்பினார். அந்த மனிதருக்குக் கண் சொருகத் தொடங்கியிருந்தது. மனைவி அவருடைய பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நல்லகாலம், பசளை ஏற்ற வந்த ட்ராக்டர் ஒன்று பின்னால் வந்தது. பெட்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ஊசி போட்டார்கள், ஆள் பிழைத்தார். நான் திரும்பி வந்தபோது மில்லக்கா அதே இடத்தில், அதே காருக்குள், இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி இருந்தார்.

"தப்பிட்டார் அக்கா," என்றேன்.

"தப்பாமல் விட்டிருந்தால்?" என்று கேட்டார்.

காரை இழுத்துக்கொண்டு போனது ஏ-ஒன்பது வீதியோரக் கராஜ் ஒன்றுக்கு. அதை நடத்தியவரின் பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள். அவரை எல்லோரும் பாஸ் என்பார்கள். முன்பக்க மூடியைக் கழற்றி, அறுந்துபோன கறுப்பு ரப்பர் பட்டி ஒன்றை வெளியே எடுத்தார். உட்பக்கத்தில் பற்கள் பல உதிர்ந்திருந்தன. முதுகில் வெயிலில் காய்ந்த சேறு மாதிரி வெடிப்பு.

"டைமிங் பெல்ட் அக்கா. எஞ்சினுக்குள்ள எது எப்பத் தொறக்கணும், எது எப்ப மூடணும்னு ஒழுங்கு பண்றது இதுதான். இது அறுந்ததும் உள்ள ஒண்ணோட ஒண்ணு இடிச்சு வால்வெல்லாம் வளைஞ்சு போச்சு."

"கார் ஓடினது கொஞ்சம்தானே. மீட்டரைப் பாரும்," என்றார் மில்லக்கா.

"அதான் பிரச்சினையே. மீட்டர் தூரத்தைத்தான் எண்ணும். நீங்க எத்தனை தடவை ஆறிப்போன எஞ்சினை எழுப்புனீங்கன்னு அது எண்ணாது." அவர் பட்டியை விரலில் சுற்றிக் காட்டினார். "ஆறிக் கெடந்த ஒயில் கெட்டியா இருக்கும். சாவி போட்ட ஒடனே அந்தக் கனத்தை இழுத்துச் சுத்துறது இந்த ரப்பர். அது சூடேறி இலகுவாகுறதுக்குள்ள நீங்க நிப்பாட்டிடுறீங்க. திரும்ப ஆறுது, திரும்ப எழுப்புறீங்க. யாழ்ப்பாணம் போய்ட்டு வர்ற காருக்குப் போக ஒண்ணு, வர ஒண்ணு. அதே தூரத்துக்கு ஒங்க கார் எத்தனை தடவை எழும்பியிருக்கும்?"

"வன்னி வெயிலிலை எங்காலை குளிர்?"

"வெயில் நமக்குத்தான் அக்கா. எஞ்சினுக்கு நம்ம மத்தியான வெயிலும் குளிர்தான்." ஒயில் மூடியைத் திறந்து அதன் அடியைக் காட்டினார். மோர் மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. "இது தண்ணி. நல்லாச் சூடேறுனா ஆவியாப் போயிரும். ஒங்க கார்ல போக நேரமே இல்லை. சீல் கசிஞ்சு பெல்ட்லயும் ஒயில் பட்டிருக்கு, ரப்பருக்கு அது ஆகாது. பெல்ட்டுக்கு வயசும் போச்சு. கடைசியா எப்ப மாத்துனதுன்னு தெரியுமா?"

மில்லக்காவுக்குத் தெரியாது. மச்சானுக்கும் தெரிந்திருக்காது.

திருத்தி முடிய நாள் பிடித்தது. காரை எடுக்கப் போனபோது பாஸ் இரண்டு விஷயம் சொன்னார். இனி தூரத்தைப் பார்க்காமல் வருஷத்தைப் பார்த்துப் பெல்ட் மாற்ற வேண்டும். கிழமைக்கு ஒருதரமாவது காரை நீட்டாக ஒரு ஓட்டம் விட வேண்டும்.

"எவ்வளவு நீட்டு?"

"சூடு காட்டுற முள்ளு நடுவுக்கு வந்து, அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் ஓடணும். மாங்குளம் வரைக்கும் போய்ட்டு வாங்களேன்."

மில்லக்கா தலையாட்டினார். எனக்கு ஒரு எண்ணம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் என்னை வவுனியாவில் விட்டுவிட்டு, அப்படியே தங்கச்சியையும் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். அவர் கேட்காத மாதிரிப் போய்க் காரில் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் என்ன செய்தார் என்பதைத் திங்கள் காலையில் கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். வாய்க்கால் ரோட்டில் மேல் மதகு வரை ஓட்டினாராம். அங்கே திருப்பிக் கீழ்ப் பாலம் வரை வந்தாராம். திரும்பவும் மதகு. வீட்டுக் கூரை கண்ணை விட்டு மறையாத அந்தத் துண்டு ரோட்டிலேயே போய்ப் போய் வந்திருக்கிறார். சனம் வெளியே வந்து நின்று பார்த்ததாம்.

அடுத்த ஞாயிறு நான் ஊருக்குப் போகவில்லை, அவருடன் ஏறிக்கொண்டேன். நாலைந்து தரம் திரும்பியதும் சூட்டு முள் மெல்ல எழுந்து நடுவுக்கு வந்தது. மில்லக்கா அதைக் கண்டதும் காரை ஓரங்கட்டினார்.

"இது ஏன் ஏறுது? கொதிக்கப் போகுதோ?"

"இல்லையக்கா. அது அங்கதான் நிக்கவேணும்."

இத்தனை வருஷம் ஓட்டிய காரில் அந்த முள் நடுவரை எழுந்ததை அவர் பார்த்ததே இல்லை. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பவும் ஓட்டத் தொடங்கினார். ஓட்டிக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னார்.

முகாமில் அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்திருக்கிறது. இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். நோயாளிகள் மட்டும்தான் ஏறலாம். மில்லக்காவின் காலில் அப்போது புண் ஆறியிருக்கவில்லை, கூடாரத்து வாசலில் இருந்தபடியே பார்த்தார். தங்கச்சிக்கு நினைவு தெளிந்தபோது அம்மா இறந்துபோய், அடக்கமும் முடிந்துவிட்டது. "ரெண்டு பேர் போச்சினம், ஒராள்தான் வந்தது," என்றார் மில்லக்கா. "அவள் சொல்லுறாள், அம்மா கிடக்கிற மண்ணை விட்டிட்டு வரமாட்டனாம். அதாலைதான் அங்கை கலியாணம் கட்டினவள். எனக்கெண்டால் அந்தப் பக்கம் பாக்கவே ஏலாது. ரெண்டு பேருக்கும் ஒரு அம்மாதான்."

மதகில் காரைத் திருப்பினார். "வீட்டை விட்டுத் தூரப் போனால் எனக்கு மூச்சு முட்டும் பிள்ளை. அடுப்பிலை ஏதாவது கிடந்தால், திரும்பி வரத்தான் வேணும் எண்டு ஒரு பிடி."

அதற்குப் பிறகு நான் அவரிடம் செட்டிகுளத்தைப் பற்றிப் பேசவில்லை.

பேச வைத்தது தங்கச்சியின் கணவர். வைகாசி மாதம், ஒரு காலையில் மில்லக்காவுக்குப் போன் எடுத்தார். தங்கச்சிக்குக் கர்ப்பப்பையில் கட்டி, வவுனியா ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், உடனே வெட்டி எடுக்க வேண்டும். ஆனால் தங்கச்சி சம்மதக் கையெழுத்து வைக்க மாட்டேன் என்கிறார்.

"ஏனாம்?" என்று கேட்டார் மில்லக்கா.

"அக்கா வந்து பாத்தால்தான் வைப்பனெண்டு நிக்கிறா."

"விசரோ அவளுக்கு? போனை அவளிட்டைக் குடும்."

தங்கச்சியின் குரல் எனக்கும் கேட்டது. களைத்த குரல், ஆனால் நிதானமாக இருந்தது. "ஓமக்கா, விசர்தான். அம்மா மாதிரி நானும் உள்ளை போய் வராமல் விட்டால், என்ன நடந்தது எண்டு என்ரை பிள்ளை ஆரிட்டைக் கேக்கும்? நீ வந்து பக்கத்திலை நில். நிண்டால் வைக்கிறன்."

மில்லக்கா போனை என் கையில் தந்துவிட்டு மில்லுக்குப் போய்விட்டார். பின்னேரம் வரை வரவில்லை. வந்ததும் என்னையும் ஏற்றிக்கொண்டு நேராகப் பாஸிடம் போனார்.

"பாஸ், இந்தக் கார் வவுனியாவுக்குத் தாங்காது, என்ன?"

பாஸ் துணியில் கையைத் துடைத்தார். அவர் என்ன சொல்ல வேண்டும் என்று மில்லக்கா ஆசைப்படுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

"தாங்கும் அக்கா."

"நடுக்காட்டுக்கை பெல்ட் அறுந்தால்?"

"புதுப் பெல்ட். அதோட நீட்டு ரோட்டுல அதுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. காலையில வீட்டுல இருந்து எடுக்குறீங்க பாருங்க, அந்தக் கொஞ்ச நேரம்தான் பாரம். மெதுவா எடுங்க. முறிகண்டி தாண்டுனா அது தன்பாட்டுல ஓடும்."

பிறகு ஒயிலைப் பார்த்து, சில்லுகளுக்குக் காற்றடித்து விட்டார்.

விடிந்ததும் புறப்பட்டோம். சாவியைத் திருப்பி, எஞ்சின் சத்தம் தணியும்வரை காத்திருந்து, மெதுவாக எடுத்தார். படலை தாண்டியதும் நிறுத்திவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று அடுப்பு மூட்டவே இல்லை. முறிகண்டியில் எல்லா வாகனங்களையும் போல நாங்களும் நின்றோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். கச்சான் கடலை வாங்கி என் மடியில் வைத்தார். மாங்குளம் தாண்டியபோது சேலை முதுகில் ஒட்டும் அளவுக்கு வியர்த்திருந்தது. "கண்ணாடியைத் திறக்கவோ?" என்றேன். "வேண்டாம், கதையாதை," என்றார். கனகராயன்குளத்தடியில் மாடுகள் ரோட்டை மறித்து நின்றன. அவை விலகும்வரை நிற்கும்போது கைகளைச் சேலையில் துடைத்துவிட்டு, "பாதி வந்திட்டமோ?" என்று கேட்டார்.

"பாதிக்கு மேலை, அக்கா."

"அப்ப இனித் திரும்புறதைவிடப் போறது கிட்ட."

"ஓம்."

ஓமந்தையில், முன்பு ஆமிக்காரர் எல்லோரையும் இறக்கிச் சோதித்த இடத்தில், ஒன்றும் இல்லாத ரோட்டில் காரின் வேகத்தை நன்றாகக் குறைத்தார். பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. பிறகு போனார்.

ஆஸ்பத்திரியில் தங்கச்சி கட்டிலில் சாய்ந்திருந்தார். அக்காவைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். மில்லக்கா கட்டிலடிக்குப் போய் நின்றார். இரண்டு பேரும் கட்டிப்பிடிக்கவுமில்லை, அழவுமில்லை.

"வந்திட்டன். வை கையெழுத்தை."

"சாப்பிட்டியோ?"

"முதல் வை."

தங்கச்சி கையெழுத்து வைத்தார். அது புற்றுநோய்க் கட்டி இல்லை என்று பிறகு தெரிந்தது. அவர் ஒப்பரேஷன் அறைக்குள் இருந்த நேரம் முழுக்க மில்லக்கா வாசலில் நின்றுகொண்டே இருந்தார். கதிரை கொண்டுவந்து வைத்தேன். இருக்கவில்லை. அந்தக் காலோடு எப்படி நின்றார் என்று எனக்கு இன்றும் தெரியாது. வெளியே கொண்டுவந்தபோது தங்கச்சியின் கன்னத்தில் தட்டி, அவர் கண் திறந்த பிறகுதான் சுவரில் சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட அன்று தங்கச்சியைச் செட்டிகுளத்துக்குக் கொண்டுபோனதும் அந்தக் கார்தான். கணவரும் மகளும் மோட்டார் சைக்கிளில் முன்னால் போய்விட்டார்கள். நான் பின்சீற்றில் தங்கச்சிக்குத் தலையணை பிடித்தபடி இருந்தேன். ஊர் கிட்ட வந்ததும் தங்கச்சி, "இதாலை திருப்பு," என்றார்.

அது வீட்டுக்குப் போகும் வழியில்லை என்பது அந்தக் குரலிலேயே மில்லக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் திருப்பினார். கிரவல் ரோட்டின் முடிவில் பற்றைக்காடும், இடையிடையே மண்மேடுகளும். ஒரு பாலை மரத்தடியில் கல் ஒன்று நட்டு, அதைச் சுற்றி மண் கூட்டித் துப்புரவாக இருந்தது. பக்கத்தில் எண்ணெய் காய்ந்த சிட்டி விளக்கு.

தங்கச்சிக்கு இறங்க ஏலாது. கதவைத் திறந்துவிட்டு அதிலேயே இருந்தார். மில்லக்கா காலை இழுத்து இழுத்துக் கல்லடிக்குப் போனார். குனிய முடியாததால் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெடுநேரம் நின்றார். பிறகு அங்கிருந்தே கேட்டார்.

"ஆர் காட்டினது உனக்கு?"

தங்கச்சி மடியிலிருந்த துவாயை இழுத்துச் சரிசெய்தார்.

"ஆஸ்பத்திரியாக்களோ?"

"ஒருத்தரும் காட்டேல்லை அக்கா." தங்கச்சி மடியிலிருந்த துவாயைப் பார்த்துக்கொண்டு பேசினார். "உந்தப் பக்கம் எண்டு கையை நீட்டிச்சினம். அவ்வளவுதான். வந்து பாத்தன், எல்லாம் ஒரே மாதிரி மேடு. ஒரு வருஷம் எல்லா மேட்டிலையும் பூ வச்சன். பிறகு, ஒரு இடம் எண்டு இருந்தால்தானே வந்து போகலாம் எண்டு இந்த மரத்தடியிலை கல்லை நட்டன். அம்மா இதிலை இல்லாமலும் இருக்கலாம். உனக்குச் சொல்லப் பயமாயிருந்தது."

மில்லக்கா திரும்பி அந்தக் கல்லைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். அதன் நிழல் பக்கத்து மேடுகள் வரை விழுந்திருந்தது.

"நல்ல நிழலாத்தான் பாத்து வச்சிருக்கிறாய்," என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, சிட்டியைக் கழுவ எங்கேயாவது தண்ணீர் கிடைக்குமா என்று பார்க்கச் சொன்னார்.